ஃபுல்-அப்கிரேடு மரியாடிபியை நீக்குவேன் என்கிறது. ஒய் அழுத்தலாமா?

மாங்கூழ் கணக்கர் (காவேரிப்பட்டணம்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். எடை மேடையில் வண்டியின் முழு எடை, காலி எடை, விவசாயி பெயர், ரகம், அன்றைய விலை எல்லாமே ஒரு உபுண்டு 22.04 லினக்ஸ் சர்வரில்தான் பதிவாகிறது. வலை சர்வர் அப்பாச்சி, நிரல்மொழி பிஎச்பி, பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மரியாடிபி. மென்பொருளை எழுதித் தந்தவர் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறார். சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பில் வந்திருக்கிறது.

பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. தொடங்கிவிட்டால் இரவு பகல் என்று வண்டிகள் வரிசையில் நிற்கும், சர்வரைத் தொடவே முடியாது. அதனால் நிலுவையில் உள்ள அப்டேட்டுகளை இப்போதே போட்டுவிட நினைத்தேன். மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி ஆப்ட். அதில் முதலில் ஆப்ட் அப்டேட், அப்புறம் ஆப்ட் அப்கிரேடு கொடுத்தேன். நிறைய பேக்கேஜுகள் (மென்பொருள் பொதிகள்) பட்டியலில் வந்தன. ஆனால் மரியாடிபி சர்வரையும் கிளையன்டையும் "நிறுத்திவைக்கப்பட்டவை" என்று தனியாகக் காட்டியது. என்ன என்று புரியாததால் வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன். இணையத்தில் தேடினால் ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு கொடுத்தால் சரியாகிவிடும் என்று பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். அதைக் கொடுத்தேன். இப்போது "பின்வரும் பேக்கேஜுகள் நீக்கப்படும்" என்ற தலைப்பின் கீழ் மரியாடிபி பெயர்கள் வருகின்றன. தொடரலாமா, ஒய் (Y, ஆமாம்) அல்லது என் (N, வேண்டாம்) என்று கேட்டு நிற்கிறது. இன்னும் எதையும் அழுத்தவில்லை.

ஒய் கொடுக்கலாமா?

ஓசூர் சர்வர்

கொடுக்காதீர்கள் சார். என் என்று தட்டி என்டர் கொடுங்கள். வெறும் என்டர் தட்டிவிட வேண்டாம். ஆப்ட் கேட்கும் இந்தக் கேள்வியில் வெறும் என்டருக்கு ஆமாம் என்று பொருள்.

நீங்கள் நிற்கிற இடம் வரை கணினியில் எதுவும் மாறவில்லை, கவலை வேண்டாம். வெளியே வந்ததும் இரண்டு விவரம் போடுங்கள். ஒன்று, அந்த "நீக்கப்படும்", "புதிதாக நிறுவப்படும்" பட்டியல்கள் இரண்டும் முழுதாக. ஃபுல்-அப்கிரேடையே சிமுலேட் தெரிவோடு ஓட்டினால் எதையும் தொடாமல் பட்டியலை மட்டும் காட்டும். மற்றொன்று, ஆப்ட் பாலிசி என்று எழுதிப் பக்கத்தில் மரியாடிபி-சர்வர் என்று கொடுத்தால் வருவது.

அதுவரை ஒரு விளக்கம். ஆப்ட் அப்கிரேடு இருக்கிற பேக்கேஜைப் புதுப்பிக்கும், தேவைப்பட்டால் புதிதாக ஒன்றைச் சேர்க்கும், ஆனால் எதையும் நீக்காது. பழைய ஆப்ட்-கெட் அப்கிரேடு இன்னும் கட்டுப்பாடானது, புதிதாகச் சேர்க்கக்கூடச் சேர்க்காது. ஃபுல்-அப்கிரேடு அப்படியல்ல. புதுப்பிக்க இடைஞ்சலாக இருப்பதை நீக்கிவிட்டாவது முன்னே போகும். பழைய கட்டுரைகளில் டிஸ்ட்-அப்கிரேடு என்று இருப்பதும் இதுதான். "நிறுத்திவைக்கப்பட்டவை" என்பது பிழைச் செய்தி இல்லை. இதைப் புதுப்பிக்க வேறொன்றை இழக்க வேண்டிவரும், அதனால் கையை வைக்கவில்லை என்று ஆப்ட் உங்களிடம் சொல்கிறது. அந்தச் செய்தியை எப்படியாவது மறையவைப்பது நம் வேலை இல்லை. ஏன் வந்தது என்று பார்ப்பதுதான் வேலை.

தர்மபுரி டெபியன்

ஓசூர் அண்ணன் சொல்வது சரி. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் ஃபுல்-அப்கிரேடு என்றாலே ஆபத்து என்று முடிவு செய்துவிடக் கூடாது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் முன்னோடி வரிசைகளான டெஸ்டிங், அன்ஸ்டேபிள் வைத்திருப்பவர்கள் அது இல்லாமல் நகரவே முடியாது, ஏனென்றால் அங்கே பேக்கேஜ்கள் பெயர் மாறிக்கொண்டும் பிரிந்துகொண்டும் இருக்கும். நிலையான வரிசையான ஸ்டேபிளில்கூட ஆப்ட்-கெட் அப்கிரேடை மட்டுமே பயன்படுத்துகிறவருக்குப் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வராமலே போகலாம், கெர்னல் ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில் வருகிற பேக்கேஜ் என்பதால். கட்டளையைப் பார்த்துப் பயப்படுவதைவிட அது காட்டுகிற நீக்கல் பட்டியலைப் படிப்பது முக்கியம். அது காலியாக இருந்தால் ஃபுல்-அப்கிரேடும் சாதாரண அப்கிரேடு போலத்தான்.

இன்னொன்று. உபுண்டுவில் "நிறுத்திவைக்கப்பட்டவை" என்று வர வேறு காரணமும் உண்டு. 21.04 முதல் ஆப்ட் கட்டம் கட்டமாக அப்டேட் தரும் முறையைப் பின்பற்றுகிறது. ஒரு புதிய பதிப்பு எல்லாக் கணினிக்கும் ஒரே நாளில் போகாது, முதலில் சிலருக்கு, சிக்கல் இல்லை என்றால் மற்றவர்களுக்கு. உங்கள் முறை வராதவரை அது நிறுத்திவைத்ததாகத்தான் தெரியும். அந்தக் காரணம் என்றால் எதுவும் செய்ய வேண்டாம், சில நாளில் தானாக வரும். பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

மாங்கூழ் கணக்கர்

நன்றி சார், என் கொடுத்து வெளியே வந்துவிட்டேன். சிமுலேட் ஓட்டிப் பார்த்தேன்.

நீக்கப்படும்: மரியாடிபி-சர்வர்-10.6, மரியாடிபி-சர்வர்-கோர்-10.6, மரியாடிபி-கிளையன்ட்-10.6, மரியாடிபி-கிளையன்ட்-கோர்-10.6.

புதிதாக: மரியாடிபி-சர்வர்-கோர், மரியாடிபி-கிளையன்ட்-கோர், இன்னும் சில. பக்கத்தில் பதிப்பு 11.4 என்று இருக்கிறது.

ஆப்ட் பாலிசியில் நிறுவியிருப்பது 10.6 என்றும், வரப்போவது 11.4 என்றும் காட்டுகிறது. 10.6 உபுண்டுவின் முகவரியிலிருந்து, 11.4 மரியாடிபியின் சொந்த முகவரியிலிருந்து.

ஓசூர் சர்வர்

காரணம் இதுதான். யாரோ ஒரு சமயம் மரியாடிபியின் சொந்த ரிப்போவை (பேக்கேஜுகள் இறங்கும் இணையக் கிடங்கை) உங்கள் சர்வரில் சேர்த்திருக்கிறார்கள். உபுண்டு 22.04 தருவது 10.6. அதன் பேக்கேஜ் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. மரியாடிபி தானே தரும் புதிய பதிப்புகளில் பெயரிலிருந்து எண்ணை எடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே கணினியில் சேர்ந்து இருக்க முடியாது. அதனால் 11.4 வர வேண்டுமானால் 10.6 போக வேண்டும். அப்கிரேடு அதைச் செய்ய மறுத்தது, ஃபுல்-அப்கிரேடு ஒப்புக்கொண்டது.

நீங்கள் ஒய் கொடுத்திருந்தால் தரவு அழிந்திருக்காது. தரவுக் கோப்புறையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் 11.4 ஏறி உட்காரும். உள் அட்டவணைகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும். பெரும்பாலும் சரியாகவே நடக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். எடை மேடை மென்பொருளில் ஏதோ ஒரு கேள்வி 11.4-இல் வேறு மாதிரி நடந்துகொண்டால் 10.6-க்குத் திரும்ப வழி இல்லை. பெரிய பதிப்பிலிருந்து கீழே இறங்குவதை மரியாடிபி ஆதரிப்பதில்லை. டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல், எடுத்து வைத்திருந்தால் மட்டுமே மீள முடியும். சாதாரண அப்டேட் என்று நினைத்து டேட்டாபேஸின் பெரிய பதிப்பு மாற்றத்தை வாசலில் வண்டி நிற்கிற நேரத்தில் செய்வது யாருக்கும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் சாதாரண அப்கிரேடையும் ஒப்புக்கொள்ளாமல் வந்தது நல்லதாகப் போயிற்று. வெளி ரிப்போ திறந்திருக்கும்போது அப்கிரேடுகூட லிப்மரியாடிபி போன்ற துணை நூலகங்களை அங்கிருந்து எடுத்து வைத்துவிடும். எதையும் நீக்காது என்பதால் நீக்கல் பட்டியலும் வராது, நம் கண்ணில் படாது. அப்புறம் ரிப்போவை எடுத்தாலும் அந்தத் துணைகள் உயர்ந்த எண்ணிலேயே நிற்கும். எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை எந்தக் கட்டளையும் முழுப் பாதுகாப்பு தராது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் டம்ப்: மரியாடிபி-டம்ப், எல்லா டேட்டாபேஸும், சிங்கிள்-டிரான்சாக்ஷன் தெரிவோடு. அந்தக் கோப்பை வேறு கணினிக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுங்கள், அதே டிஸ்கில் வைத்தால் பேக்கப் ஆகாது. அட்டவணைகள் இன்னோடிபி வகை என்றால்தான் சிங்கிள்-டிரான்சாக்ஷன் பயன்படும். மைஐசாம் என்ற பழைய வகை இருந்தால் அப்பாச்சியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

பிறகு அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்ஸி கோப்புறைக்குள் ஆப்ட், அதற்குள் சோர்சஸ்-லிஸ்ட்-டி. அங்கே மரியாடிபி பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அழிக்க வேண்டாம். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து டிசேபிள்டு என்று சேர்த்தால் போதும், ஆப்ட் அதைப் படிக்காது. மறுபடி ஆப்ட் அப்டேட், அப்புறம் அப்கிரேடை சிமுலேட்டில் ஓட்டிப் பாருங்கள்.

பாலக்கோடு

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். சீசன் முடிகிறவரை எதையுமே தொட வேண்டாம். எடை மேடை நின்றால் விவசாயி வெயிலில் வண்டியோடு நிற்கிறார், பழம் அழுகுகிறது. அப்டேட் போடாததால் அவருக்கு என்ன இழப்பு? ஆகஸ்டில் ஆலை ஓய்ந்ததும் நிதானமாகச் செய்யலாமே.

ஓசூர் சர்வர்

உங்கள் கவலை நியாயமானது. டேட்டாபேஸின் பெரிய பதிப்பு மாற்றத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, ஆகஸ்ட் வரை தள்ளலாம். ஆனால் பாதுகாப்பு அப்டேட்டுகளை அவ்வளவு நாள் நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். அந்த சர்வர் அலுவலக நெட்வொர்க்கில் இருக்கிறது. அதே நெட்வொர்க்கில் எல்லோருடைய கைப்பேசியும், வரும் மெயில் இணைப்புகளைத் திறக்கிற கணினிகளும் இருக்கும். ஒரு ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) உள்ளே வந்தால் எடை மேடை நிற்பது மட்டுமில்லை, யாருக்கு எவ்வளவு பணம் தர வேண்டும் என்ற கணக்கே போகும்.

உபுண்டுவில் இதற்கு நடுவழி ஏற்கெனவே இருக்கிறது. அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ், சர்வரில் தானாகவே வருகிறது. வழக்கமான அமைப்பில் அது பாதுகாப்பு அப்டேட்டுகளைப் போடும், மற்ற அப்டேட்டுகளைத் தொடாது. வெளி ரிப்போக்களையும் நாம் சொல்லாதவரை எடுத்துக்கொள்ளாது. கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு பற்றிக் கேள்வி வரும் பேக்கேஜ் என்றால் அதை விட்டுவிடும். டிரை-ரன் தெரிவோடு ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும்.

தர்மபுரி டெபியன்

இங்கே ஒன்று விட்டுப்போகிறது. உபுண்டுவில் மரியாடிபி யூனிவர்ஸ் பிரிவில் இருக்கிறது, மெயினில் இல்லை. மெயின் பிரிவுக்குத்தான் உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் 5 ஆண்டுப் பாதுகாப்பை உறுதியாகத் தருகிறது. யூனிவர்ஸுக்கு அந்த உறுதி வேண்டுமானால் அவர்களின் உபுண்டு ப்ரோ சந்தா தேவை. 5 கணினிகள் வரை இலவசம், பதிவு செய்தால் போதும். வெளி ரிப்போவைச் சேர்த்தவர் ஒருவேளை இதை நினைத்தே சேர்த்திருக்கலாம். அதை மூடுகிறவர் இதையும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஓட்டையை அடைத்து இன்னொன்றைத் திறந்ததாகும்.

ஓசூர் சர்வர்

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்.

பர்கூர் மாணவி

ஒரு சந்தேகம் அண்ணா. எப்போதும் மிகப் புதிய பதிப்புதான் பாதுகாப்பானது என்று எங்கள் வகுப்பில் சொல்வார்கள். 10.6 போன்ற பழையதிலேயே இருப்பது தவறில்லையா? அதோடு, ஆப்ட்-மார்க் ஹோல்டு போட்டால் மரியாடிபியை அப்படியே பூட்டிவிடலாமே, ரிப்போவை ஏன் மூட வேண்டும்?

தர்மபுரி டெபியன்

இரண்டாவது கேள்விக்கு முதலில். ஹோல்டு போட்டால் எல்லா அப்டேட்டும் நிற்கும், பாதுகாப்பு அப்டேட்டும் சேர்ந்து. போட்டவர் மறந்துவிடுவார், அடுத்து வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு கொடுத்துப் பார்த்தால் பல சர்வர்களில் எப்போதோ போட்ட பூட்டு துருப்பிடித்துக் கிடக்கும். சில மணி நேரத்துக்கு வைத்து எடுப்பதற்கு மட்டும் அது நல்லது.

முதல் கேள்வி. புதியது என்பதும் பாதுகாப்பானது என்பதும் ஒன்றல்ல, தங்கச்சி. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் வேண்டுமென்றே வைத்த கள்ளக்கதவு இருப்பதை வெளியிட்டார். 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் அது இருந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் வழி) உள்நுழைவு மெதுவானதைக் கவனித்துத் தோண்டிப் போனபோதுதான் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்புகள் யாரிடம் போயிருந்தன? டெபியன் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் போன்ற முன்னோடி வரிசைகளில் இருந்தவர்களிடம். டெபியன் ஸ்டேபிளில் இருந்தவர்களுக்கு அது வரவே இல்லை. உபுண்டு 24.04-இன் பீட்டா வெளியீட்டை அதற்காக ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள்.

ஸ்டேபிள் என்றால் ஓட்டைகளோடு பழசாக இருப்பது என்று பொருள் இல்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்தித் தருகிறார்கள். அதனால் முன்பகுதி எண் மாறாமல் பின்னால் உள்ள எண் மட்டும் நகரும். 10.6 என்பதைப் பார்த்துப் பழசு என்று முடிவு செய்யாமல் அந்தப் பின் எண்ணையும் சேஞ்ச்லாகையும் (மாற்றங்களின் குறிப்பையும்) பாருங்கள்.

பென்னாகரம் லேப்

இவ்வளவு பேசியும் மின்சாரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் பள்ளி ஆய்வகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும், அன்றைக்கும் அதற்கு முந்தைய மாலையிலும் அப்டேட் வைத்துக்கொள்ளாதீர்கள். எச்சரிக்கை இல்லாமல் போகிற மின்சாரத்துக்கு யுபிஎஸ். சர்வருக்கு எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகிறீர்கள் என்றால் டீமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் நுழைந்துவிட்டு ஆரம்பியுங்கள். மழைக்கு வைஃபை அறுந்தாலும் அப்டேட் அறுபடாது.

பாதியில் நின்றுவிட்டால் பதற்றம் வேண்டாம். டிபிகேஜி கன்ஃபிகர் என்ற கட்டளையை எல்லாவற்றுக்கும் என்ற தெரிவோடு கொடுத்தால் பிரித்து வைத்து முடிக்காமல் விட்டவற்றை முடிக்கும். அதிலும் தீராவிட்டால் ஆப்ட் ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். இந்தக் கடைசிக் கட்டளையும் நீக்கல் பட்டியல் காட்டும், அவசரத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. அங்கேதான் அதிகம் கவனமாகப் படிக்க வேண்டும். 2021-இல் ஒரு பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போய், திரையில் வந்த எச்சரிக்கையைத் தாண்டி "ஆமாம், நான் சொல்வதைச் செய்" என்ற வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சு செய்து, டெஸ்க்டாப் மொத்தத்தையும் இழந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பேக்கேஜில் பிழை இருந்தது உண்மை. ஆனால் நீக்கப்போகும் பெயர்கள் திரையில் இருந்தன. பிறகு ஆப்ட் செய்தவர்கள் அப்படித் தட்டச்சு செய்து தாண்டுகிற வழியையே எடுத்துவிட்டார்கள்.

பாலக்கோடு

கணினியின் நிலையை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் போட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லையே? என் லினக்ஸ் மின்ட் கணினியில் எது உடைந்தாலும் முந்தைய நாளுக்குப் போய்விடுகிறேன்.

பென்னாகரம் லேப்

டெஸ்க்டாப்புக்கு அருமையானது, ஆய்வகத்தில் நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இவருடைய சர்வருக்கு அதை நம்பக் கூடாது. டைம்ஷிஃப்ட் சிஸ்டம் கோப்புகளை நகலெடுக்கிறது, ஹோம் கோப்புறையை வழக்கமாக விட்டுவிடுகிறது. மரியாடிபியின் தரவு இருப்பது ஹோமில் இல்லை, வார் கோப்புறைக்குள். அதனால் நேற்றைய நிலைக்குத் திரும்பினால் டேட்டாபேஸும் நேற்றைய நிலைக்குத் திரும்பும். இன்று இறங்கிய லோடுகளின் எடை எல்லாம் காணாமல் போகும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை நகலெடுத்தால் அந்த நகல் சரியாகத் திறக்கும் என்றும் உறுதி இல்லை. டம்ப் தனி, டைம்ஷிஃப்ட் தனி.

மாங்கூழ் கணக்கர்

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இன்று மாலை ஆலை மூடியதும் செய்தேன். டம்ப் எடுத்து முதலாளியின் மடிக்கணினியில் ஒரு நகல், பென்டிரைவில் ஒரு நகல். வெளி ரிப்போ கோப்பின் பெயரை மாற்றினேன். ஆப்ட் அப்டேட்டுக்குப் பிறகு பாலிசியில் 10.6 மட்டுமே தெரிகிறது. சிமுலேட்டில் நீக்கல் பட்டியல் இல்லை, நிறுத்திவைத்ததும் இல்லை. யுபிஎஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்கிரேடு கொடுத்தேன். உபுண்டு ப்ரோவிலும் பதிவு செய்துவிட்டேன். ரீபூட் செய்து எடை மேடையில் ஒரு சோதனைச் சீட்டும் போட்டுப் பார்த்தாயிற்று, வருகிறது.

இடையில் ஒரு கேள்வியும் வரவில்லை. ஆனால் கான்ஃபிக் கோப்பைப் பற்றிக் கேட்கும் என்று மேலே சொன்னீர்களே, அது எப்போது வரும்? வந்தால் என்ன அழுத்துவது?

ஓசூர் சர்வர்

மிக நல்லது சார். என்ன மாறியது என்பது வார், லாக், ஆப்ட் என்ற வரிசையில் போனால் ஹிஸ்டரி லாக் கோப்பில் தேதியோடு இருக்கும். ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அந்தக் கேள்வி வர இரண்டும் சேர வேண்டும்: எட்ஸியில் உள்ள ஒரு கோப்பை நீங்கள் மாற்றியிருக்க வேண்டும், புதிய பேக்கேஜிலும் அந்தக் கோப்பு மாறியிருக்க வேண்டும். ஒரே வெளியீட்டுக்குள் இது அரிது. 22.04-லிருந்து 24.04-க்குப் போகும்போது அடிக்கடி வரும். ஒய் என்றால் பேக்கேஜோடு வந்த கோப்பு, என் என்றால் உங்களுடையது, டி என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. இங்கே வெறும் என்டருக்கு என் என்று பொருள், ஆப்ட் கேட்கும் கேள்விக்கு நேர் எதிர். முதலில் டி பாருங்கள், புரியவில்லை என்றால் என். புதிய கோப்பு டிபிகேஜி-டிஸ்ட் என்ற ஒட்டோடு பக்கத்திலேயே இருக்கும், பிறகு நிதானமாக ஒப்பிடலாம். ஒய் கொடுத்துவிட்டாலும் உங்கள் பழையது டிபிகேஜி-ஓல்டு என்ற ஒட்டோடு இருக்கும்.

தர்மபுரி டெபியன்

என் கொடுப்பதும் எல்லா நேரமும் சரி என்று சொல்ல முடியாது. அப்பாச்சி 2.2-லிருந்து 2.4-க்குப் போனபோது அணுகல் விதிகளை எழுதும் முறையே மாறியது. பழைய கோப்பை அப்படியே வைத்தவர்களின் தளங்கள் மக்கர் செய்தன. அதனால் என் கொடுத்த பிறகு ரீபூட்டுக்கு முன் அப்பாச்சியின் கன்ஃபிக்டெஸ்ட் (கான்ஃபிக் கோப்பைச் சோதிக்கும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். எஸ்எஸ்எச்சுக்கும் அதேபோல் சோதனைத் தெரிவு இருக்கிறது. எஸ்எஸ்எச் கோப்பு மாறினால், இருக்கும் இணைப்பை மூடாமல் இன்னொரு திரையிலிருந்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

மாங்கூழ் கணக்கர்

குறித்துக்கொண்டேன். 24.04-க்கு ஆகஸ்டில் போகலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அதற்கு முன் நான் செய்து வைக்க வேண்டியது ஏதாவது உண்டா?

ஓசூர் சர்வர்

22.04-க்கு 2027 வரை காலம் இருக்கிறது, அவசரம் இல்லை. ஒரு பழைய கணினியில் 24.04 போட்டு, இன்று எடுத்த டம்பை அதில் ஏற்றி, எடை மேடை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். டம்ப் உண்மையிலேயே ஏறுகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பிஎச்பி 8.1-லிருந்து 8.3-க்குப் போகும், உங்கள் மென்பொருள் தடுமாறினால் அங்கேதான் தடுமாறும். பிழை ஏதாவது வந்தால் அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.